பிங்கிக்கு வந்த சீசன்: வார்டனின் விளக்கம்

எழில் மகளிர் விடுதி,
வல்லம் வடகால்.
ஆடி மாதம் 9-ஆம் நாள், வியாழக்கிழமை.

உயர்திரு எழிலரசன் சார் அவர்கள் சமூகத்துக்கு, விடுதி வார்டன் அன்னக்கிளி பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் துணைவியார் சுபஸ்ரீ மேடமும் நலமென்றும், புதுக் காருக்குக் கண்ணேறு எதுவும் படவில்லை என்றும் நம்புகிறேன். இங்கு எழுபத்திரண்டு பெண் பிள்ளைகளும், மூன்றாம் மாடியில் தண்ணீர் வராத குழாய்கள் நான்கும், நானும் நலம். தங்கள் நாய் பிங்கி மிகமிக நலம். வல்லக்கோட்டை முருகன் தங்கள் கோபத்தைத் தணித்து நல்ல புத்தி கொடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம் புதன்கிழமை, உரிமையாளராகிய தங்களையும் தங்களுடன் வந்த கம்பெனி மேனேஜரையும் விடுதி கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தது ஏன், எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டு என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். எழுத்துமூலம் என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம். இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். முட்டை ஒன்று உடைந்தாலும் பதிவேட்டில் ஏற்றி, எதிரே கையெழுத்துப் போட்டவள். வாயால் சொன்னதை நான் நம்புவதில்லை, கண்ணால் பார்த்ததைக்கூட அவ்வளவாக நம்புவதில்லை, பதிவேட்டில் இருந்தால் நம்புவேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சீசன் என்ற சொல். ஆனி இருபதாம் தேதி காலையில் சுபஸ்ரீ மேடம் குரல் செய்தி அனுப்பினார்கள். பிங்கிக்கு சீசன் ஸ்டார்ட் ஆகிவிட்டது, மூன்று வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, உங்களிடம் விடுகிறோம் என்று. நான் இலஞ்சிக்காரி. தென்காசிப் பக்கத்தில் பிறந்த யாரிடம் வேண்டுமானாலும் போய், ஆனி மாதத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, அருவியில் தண்ணீர் விழுகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வேறு சீசன் எங்களுக்குக் கிடையாது. நாய்க்கும் சீசனுக்கும் என்ன என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன். குடும்பத்தோடு குளிக்கப் போகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாத வருத்தத்தில் பாவம் ஏதோ சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். உடனே பதில் போட்டேன். ரொம்ப சந்தோஷம் மேடம், மெயினருவியில் கூட்டம் அள்ளும், ஐந்தருவிக்குப் போங்க, எண்ணெய் தேய்த்துக் குளிங்க, ஈரத்துணியோட ரொம்ப நேரம் நிக்காதீங்க, வரும்போது மங்குஸ்தான் பழம் ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க என்று. மேடம் அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்கள். எதையும் கேட்காமலே கட்டைவிரல் அனுப்புகிற பழக்கம் அவர்களுக்கு உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

மத்தியானம் உங்கள் டிரைவர் பிங்கியை இறக்கிவிட்டுப் போனான். சந்தன நிறத்தில் நல்ல லட்சணமாகத்தான் இருந்தாள், மறுக்கவில்லை. அவளோடு மூன்று பை சாமான். எழுபத்திரண்டு பிள்ளைகளில் ஒருத்திகூட இத்தனை சாமானோடு இந்த விடுதிக்கு வந்து சேர்ந்ததில்லை. சாயங்காலம் நானே ஒரு கயிற்றைப் போட்டு ஏரிக்கரைப் பக்கம் காற்றாட நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாளில்லை, மூன்று நாள். ரோட்டோரம் படுத்துக்கிடந்த நாய்களெல்லாம் எழுந்து நின்று பார்த்ததுகள். பெரிய இடத்து நாய், மரியாதை கொடுக்கிறதுகள் என்று நினைத்துக்கொண்டு நானும் தலையை நிமிர்த்தி நடந்தேன். என் அறிவு அவ்வளவுதான் சார்.

மூணாம் நாள் வரவேற்பறைத் தரையில ரத்தம் சொட்டுச் சொட்டாக் கிடக்கு. கால்ல கண்ணாடி கிண்ணாடி குத்திருச்சோன்னு நாலு பாதத்தையும் தூக்கிப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. சரி, எதுக்கும் இருக்கட்டும்னு நாலு கால்லயும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சுப் பூசி, துணி கட்டி உக்கார வச்சேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்த சங்கரன்கோவில் பிள்ளை மாரிசெல்வி, ஆறாம் நம்பர் ரூம்ல இருக்கா, அவ பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "அத்தை, இது அருவி சீசன் இல்ல. அது வயசுக்கு வந்திருக்கு"ன்னா. எனக்குத் தலை சுத்திப்போச்சு. அப்போதான் உங்களுக்கு போன் போட்டேன். நீங்க சொன்ன வார்த்தையை அப்பவே பதிவேட்டுல ஏத்தி வச்சிருக்கேன், பக்கம் நாற்பத்தொண்ணு: "இருபத்தொரு நாள் ஆம்பள வாடையே படக்கூடாது அது மேல. அதுக்குத்தான் லேடீஸ் ஆஸ்டல்ல வுட்டுருக்கேன். எதுனா ஆச்சுன்னா வேலைய மறந்துடுமா." இதுல ஒரு எழுத்து நான் சேர்க்கல.

எதுக்கு இவ்வளவு கட்டுக்காவல்னு சுபஸ்ரீ மேடம் அப்புறம் விளக்கினாக. உங்களுக்கு வேன் கான்ட்ராக்ட் கொடுக்கப்போற மேனேஜர் வீட்டுல இதே சாதியில ஒரு ஆண் நாய் இருக்காம். முதல் சீசன்ல சேர்க்கக்கூடாதாம், பிஞ்சு உடம்பாம், அடுத்த சீசன்ல அதுக்கும் இதுக்கும் சம்பந்தமாம். அதுக்குள்ள தெருநாய் எதுவும் கிட்ட வந்துட்டா சம்பந்தம் முறிஞ்சு கான்ட்ராக்டும் போயிருமாம். நாயைக் கட்டிக்கொடுத்து வேன் ஓட்டுத ஆளை நான் என் வாழ்க்கையில இப்பதான் பாக்கேன். அது உங்க இஷ்டம். ஆனா பையைப் பிரிச்சுப் பார்த்தேன் பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு பை நிறைய ஜட்டி மாதிரி டயப்பர். ஒரு மெத்தை. ஒரு தாள்ல இங்கிலீஷ்ல டைப் அடிச்ச குறிப்பு. அதே ஆறாம் நம்பர் ரூம் செல்வலட்சுமி வாசிச்சுச் சொன்னா, அவ டிப்ளமோ படிச்ச பிள்ளை. இந்த நாட்கள்ல பிங்கிக்குச் சோர்வா இருக்கும், கட்டாயப்படுத்தி நடத்தக்கூடாது, சத்தம் போட்டு ஏசக்கூடாது, குளிர்ச்சியான அறையில ஓய்வு கொடுக்கணும், மனசு நோகாமப் பார்த்துக்கணும்னு. கீழே உங்க கையெழுத்து.

சார், போன மாசம் இதே மாரிசெல்வி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில சுருண்டு கிடந்தா. ஒரு நாள் ரூம்ல படுத்துக்கிடுதேன்னு கேட்டா. நான் உங்களுக்கு போன் பண்ணுனேன். ஷிப்ட் நேரத்துல ரூம்ல யாரும் தங்கக்கூடாது, விதி எண் பதினொண்ணு, மாத்திரையைப் போட்டுட்டு பஸ் ஏறச் சொல்லுன்னீங்க. கம்பெனிக்கு ஆள் அனுப்புத கான்ட்ராக்டும் நீங்கதான், ஆஸ்டல் ஓனரும் நீங்கதான், அவ எங்க போவா. பஸ் ஏறினா. பத்து மணிக்கு கம்பெனி லைன்ல மயங்கி விழுந்துட்டான்னு போன் வந்துது. அந்தப் பிள்ளையைக்கொண்டே உங்க நாய்க்கு டயப்பர் மாட்டவச்சேன் பாருங்க, அன்னைக்கு ரெண்டு வேளை எனக்குச் சோறு இறங்கல. பிங்கி மேல எனக்குக் கோபம் இல்ல. அது என்ன செய்யும், வாயில்லாத சீவன். உங்களை நினைச்சாத்தான் எனக்கு மூக்குக்கு மேல கோபம் வருது.

சரி, வாடை படக்கூடாதுன்னீங்க, நானும் வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கினேன். ஆனா அதுக்குள்ள சேதி ஊர் முழுக்கப் போயிருச்சு. வடக்குப்பட்டு நாய், வல்லத்து நாய், ஒரகடம் ரவுண்டானா நாய், கம்பெனி கேண்டீன் பின்னால எச்சில் இலை நக்கிக் கொழுத்த நாய், எல்லாம் நம்ம கேட்டு முன்னால குந்திக்கிட்டு. நம்ம வாட்ச்மேன் தணிகாசலம் வந்து, "இன்னா வார்டனம்மா, பதினோரு பேர் கீறானுங்க வெளிய, எவனும் எழுந்து போவ மாட்றான்"னு பெருமையாச் சொல்லுதாரு. அதுக ஷிப்ட் போட்டு உக்காருதுக சார். ஏ ஷிப்ட் பஸ் கிளம்பும்போது நாலு போகும், நாலு வரும். பிள்ளைகள் அதுகளுக்குப் பேரே வச்சுட்டாளுக. சாதாரண நாள்ல இந்தக் கேட்டுல வந்து நிக்கிற பயலுக எல்லாம் என்ன சொல்லுவானுக? நான் அவ மாமா மகன், நான் அத்தை மகன், நான் ஒண்ணுவிட்ட அண்ணன். அதே பேரை இதுகளுக்கு வச்சாளுக. கறுப்பு நாய் மாமா மகன். காது அறுந்தது ஒண்ணுவிட்ட அண்ணன். நொண்டி ஒண்ணு, அது சித்தப்பா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இதுகளாவது கையில செல்போனை வச்சுக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு நிக்கல.

பிங்கியைக் கீழ ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டினேன். அரிசி மூட்டையை எல்லாம் தள்ளிட்டு ஃபேன் போட்டு, சாவியை என் தாலிச்சரட்டு ஊக்குல கோத்துக்கிட்டேன். தனியா இருக்கமாட்டாம ஊளையிட ஆரம்பிச்சா. தாங்க முடியல. அப்போதான் ராணியைத் துணைக்கு விட்டேன். ராணி யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆறாம் நம்பர் ரூம் பிள்ளைகள் பங்குனி மாசம் பஸ் ஸ்டாப்புல இருந்து தூக்கிட்டு வந்த நாய். உடம்பெல்லாம் சொறி. வளர்க்கக்கூடாதுன்னுதான் சொன்னேன். விதிப்படி விடுதிக்குள்ள ஆண் யாரும் கூடாது, மத்தபடி நாய் கூடாதுன்னு விதி எதுவும் எழுதலையே அத்தைன்னு மாரிசெல்வி பதிவேட்டைக் காட்டினா. நானும் வாசிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் இருந்துது. பெயர் ராணி, பால் பெண், அறை ஆறு, சொந்த ஊர் வல்லம் பஸ் ஸ்டாப்புன்னு ஏத்திக்கிட்டேன். சொறிக்கு மருந்து பூசி, நக்காம இருக்க பழைய சுடிதாரை வெட்டி ஒரு கவுன் தச்சு மாட்டிவிட்டிருந்தாளுக. கழுத்துல இருந்து வால் வரைக்கும் மூடின கவுன். எப்பவும் அதுதான். இந்த ஊர்ப் பொம்பளைப் பிள்ளைகள்லயே அடக்கமா உடுத்துத ஒரே ஜீவன் அதுதான்னு நானே சொல்லுவேன்.

ராணியை உள்ள விட்ட நிமிஷம் பிங்கி ஊளையை நிறுத்திட்டா. என்ன ஒரு பாசம் சார். ராணி அவ பக்கத்துலயே இருக்கும், நகராது. சோறு வச்சா திங்காது. வெளிய மாமா மகன் குலைச்சா உள்ள இருந்து இது பத்து மடங்கு குலைக்கும். நான் கதவைத் திறந்தாக்கூட என்னையே முறைக்கும். பொம்பளைக்குப் பொம்பளை ஆதரவுன்னா இப்படி இருக்கணும்னு சாப்பாட்டு ஹால்ல எழுபத்திரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவச்சு நான் பேசினேன். செல்வலட்சுமி மட்டும் முந்தானையால வாயை மூடிக்கிட்டு வெளிய ஓடினா. வாந்தி வருதாக்கும்னு நினைச்சேன்.

அதுக்குப் பிறகு நீங்க சொன்னபடி ஒரு ஆம்பளையை உள்ள விடல. தண்ணி கேன் போடுதவன் கேட்டோட நின்னான், பிள்ளைகள் உருட்டிக்கிட்டு வந்தாளுக. கேஸ் சிலிண்டர்காரன் நின்னான். நீங்க அனுப்பின மாட்டு டாக்டர் நின்னாரு. நான் டாக்டரும்மான்னாரு, டாக்டரு ஆம்பளைதானேன்னேன், போயிட்டாரு. தணிகாசலம் பன்னிரண்டு வருஷமா இங்க வாட்ச்மேன், அவரையே கேட்டுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்கார வச்சேன். கொசு வந்தாக்கூட ஆணா பெண்ணான்னு கேட்டுட்டுத்தான் விட்டேன்னு பிள்ளைகள் கேலி பண்ணுதாளுக. பண்ணட்டும்.

பதிமூணாம் நாள்தான் நீங்க வந்தீங்க. மேனேஜரைக் கூட்டிக்கிட்டு, கையில பழப்பையும் பூவுமா, மருமகளைப் பார்க்க வந்த மாதிரி. கேட்டைத் திறன்னீங்க. எனக்கு உங்க மேல தனிப்பட்ட விரோதம் கிடையாது. பதிவேட்டை எடுத்துப் பக்கம் நாற்பத்தொண்ணைக் காட்டினேன். "சார், ஆம்பள வாடையே படக்கூடாதுன்னு சொன்னது யாரு? ஓனர் வாடை படலாம்னு இதுல எழுதல." இவ்வளவுதான் நான் சொன்னது. நீங்க கத்தினீங்க. நீங்க கத்தவும் பதினோரு நாயும் எழுந்து உங்களைப் பார்த்துக் குலைச்சுது. புதுசா ஒருத்தன் வரிசையில நடுவுல புகுந்துட்டான்னு அதுகளுக்குக் கோபம். ஒண்ணுவிட்ட அண்ணன் உங்க பேண்ட்டைப் பிடிச்சதுக்கு நான் பொறுப்பில்ல. மேனேஜர் சிரிச்சாரு, அதுக்கும் நான் பொறுப்பில்ல. அவர் போகும்போது தணிகாசலத்துக்கிட்ட, இந்த அம்மா மாதிரி ஒரு செக்யூரிட்டி எங்க கம்பெனிக்கு வேணும்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

இன்றோடு இருபத்தொரு நாள் பூர்த்தியாகிறது. நாளைக் காலை தாங்கள் டிரைவரை அனுப்பிப் பிங்கியை அழைத்துக்கொள்ளலாம். வந்தபடியே ஒப்படைக்கிறேன். என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு முட்டை குறைந்ததில்லை, இதிலும் குறையவில்லை என்று முருகன் சாட்சியாக எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே தாங்கள் அனுப்பிய வாட்ஸப்பைத் தாங்களே வாபஸ் வாங்கி, அதையும் எழுத்துமூலம் தர வேண்டும். இன்னொன்று. எனக்குச் சன்மானம் எதுவும் வேண்டாம். தங்கள் நாய்க்கு இருபத்தொரு நாள் ஓய்வு கொடுக்கத் தெரிந்த தங்களுக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் ரூமில் படுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கத் தெரிய வேண்டும். விதி எண் பதினொன்றைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிங்கிக்கு அடுத்த சீசன் வரும்போது வேறு வார்டன் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கோட்டிக்காரி, பைத்தியம்போலக் கேட்டுவிட்டேன். கேட்டதற்காக வருத்தப்படவில்லை.

சுபஸ்ரீ மேடத்துக்கு என் வணக்கம். தங்கள் பேண்ட் தைத்து வந்துவிட்டது என்று நம்புகிறேன். தங்கள் குடும்பத்துக்கும், வேன்களுக்கும், வரப்போகிற சம்பந்தி வீட்டாருக்கும் வல்லக்கோட்டையான் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்த,
அன்னக்கிளி,
வார்டன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக் கவரில் போடும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து கால்நடை டாக்டரம்மா வந்தார்கள். பெண் டாக்டர் என்பதால் உள்ளே விட்டேன். பிங்கியை அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். அப்படியே ராணிக்கும் வெறிநாய் ஊசி போட்டுவிடுங்கள் என்றேன். டாக்டரம்மா ராணியின் கவுனைத் தூக்கினார்கள். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே ரூமில் எத்தனை நாள் இருந்தார்கள் என்று கேட்டார்கள். பதினேழு நாள் என்றேன். இராப்பகலா என்றார்கள். பூட்டி வைத்திருந்தேன், சாவி என்னிடம்தான் இருந்தது என்றேன். ஒரு மாதம் கழித்து ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார்கள். ஆகவே மேலே எழுதியதில் ராணி என்று வருகிற இடங்களில் எல்லாம் ராஜா என்று தாங்கள் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. மாரிசெல்வியைக் கேட்டேன். ஆண் கூடாது என்று விதி இருந்ததால் பெண் என்று எழுதினோம் அத்தை என்றாள். ஆக, விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. மேலே வந்தபடியே ஒப்படைக்கிறேன் என்று எழுதிய வரியை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ராஜா டயப்பரைக் கடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. பிங்கி அதன் மேல் தலையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மேனேஜர் வீட்டு நாயைவிட இது நல்ல பையன்தான், எனக்குத் தெரிந்தவரை.

வேலையைத் தாங்கள் எடுக்கும் முன் நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். வரவேற்பறைப் பலகையில் விதி எண் பதினொன்றை அழித்து, மாதம் ஒரு நாள் அறையில் ஓய்வெடுக்கலாம், ஏன் என்று கேட்பவர் யாராக இருந்தாலும் பிங்கியைக் கேட்கவும் என்று எழுதி, விடுதி சீல் அடித்து, பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன். பதிவேட்டில் ஏறியதை இந்த விடுதியில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு நானே சாட்சி. பதிவேட்டின் கடைசி வரியும் நான்தான் எழுதினேன். பெயர் அன்னக்கிளி, வெளியே செல்லும் நாள் ஆடி 9, மாலை தென்காசி பஸ், காரணம் சீசன். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம்.